புள்ளி எழுத்தும் லயத்து வீடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பார்வையின்றிப் பிறந்த, அல்லது பிறந்து சில ஆண்டுகளில் பார்வையை இழந்த தமிழ்ப் பிள்ளைகளின் எதிர்காலக் கவலையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர்களின் மனத்தை ஆராய்வதற்கு முன் அவர்கள் வளர்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும். தன்னை ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள் அருகில் இருக்கிறார்கள், நாளையும் இருப்பார்கள், தனக்கென ஓர் இடம் உண்டு என்று ஒரு பிள்ளை ஐயமின்றி நம்பும் நிலையையே உளவியலார் 'உணர்வுப் பாதுகாப்பு' என்கின்றனர். அந்த நம்பிக்கை தாயின் மடியில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆயினும் அந்தத் தாய் குடியிருக்கும் வீடு யாருடையது, விடியுமுன் எத்தனை மணிக்கு அவள் அதை விட்டுக் கிளம்புகிறாள், அவள் காலத்துக்குப் பின் பிள்ளை அங்கே தங்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை வரலாற்றில்தான் கிடைக்கும். பேராக்கில் அந்த விடை நெடுங்காலம் பிள்ளைக்குச் சாதகமாக இருந்ததில்லை.

ரப்பர் மரத்தின் மலாயா வரலாறு பேராக்கோடு நெருங்கிப் பிணைந்தது. 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் காட்டப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, ஈயச் சுரங்கங்களால் செழித்திருந்த ஈப்போவைச் சுற்றியும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் ஆன்சன் வட்டாரங்களிலும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. மேற்பார்வையாளர்களான கங்காணிகள் தமிழ் நிலத்திலிருந்த தங்கள் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டி வந்தனர். வந்தவர்களுக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த குடியிருப்பே லயம் எனப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள், முன்னே ஒரு சாய்ப்பு, அதற்கு முன்னே நீளும் சாக்கடை, பொதுக் குழாய் என்பது அதன் அமைப்பு. இந்த வீட்டுக்கு வாடகை இல்லை, உரிமையும் இல்லை. செக்ரோல் என்னும் ஆட்பதிவேட்டில் பெயர் உள்ளவரையில் வீடு உண்டு, பெயர் நீங்கினால் வீடும் நீங்கும்.

இந்த ஒரு விதியே பின்னால் வந்த கவலைகள் பலவற்றுக்கும் வேர் என்று கொள்ளலாம். பால்மரம் வெட்டுவது கண்ணை நம்பிய தொழில். இருள் பிரியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் தனக்கு ஒதுக்கப்பட்ட நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக வெட்டிச் செல்லும் தொழிலாளி, முதல் நாள் வெட்டிய கோட்டின் மேல் மெல்லிய பட்டையை மட்டும் சீவ வேண்டும்; கத்தி சற்று ஆழமாகப் பதிந்தால் மரம் காயப்படும், வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் பார்த்து ஏசுவார். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் வளர வளர அவர்களும் பெரட்டுக்கு வந்து பெயர் பதிந்துகொள்வதால், பெற்றோர் வேலையை விட்ட பின்னும் அதே லயத்தில் குடும்பம் நீடிக்க வழி பிறந்தது. கண் தெரியாத பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவன் வீட்டில் இருந்தான், ஆனால் வீட்டுக்குரிய பதிவேட்டில் எந்நாளும் இடம்பெற மாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், அவன் தாய்க்கும் தெரியும். "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா" என்று தோட்டத்துத் தாய்மார் சொல்லும் சொல்லில் பாசத்தோடு இந்தக் குடியிருப்புச் சட்டமும் கலந்திருக்கிறது.

உழைக்க இயலாதவரைக் காலனிய நிர்வாகம் எப்படிக் கருதியது என்பதும் இங்கே பொருந்தும். 1907-இல் உருவாக்கப்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வரி திரட்டித் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவரும் செலவை ஏற்றது. நோயாலோ முடத்தாலோ வேலைக்கு உதவாதவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பவும், போக்கிடம் இல்லாத தளர்ந்தவர்களைக் காப்பகத்தில் வைக்கவும் அதே நிதி பயன்பட்டது. ஆக, கண் இழந்த தொழிலாளிக்கு அமைப்பு காட்டிய பாதைகள் இரண்டே: கப்பல், அல்லது காப்பகம். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊரே கிடையாது என்பதை அந்த ஏற்பாடு எண்ணிப் பார்க்கவில்லை.

பார்வை இழப்பின் காரணங்களுள் சில அந்த வாழ்க்கை முறையிலேயே இருந்தன. தாய் விடியுமுன் கிளம்பிவிடுவதால் கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டன. வயதான பெண்கள் சிலர் பத்துப் பதினைந்து குழந்தைகளை ஒரே கூரையின் கீழ் தொட்டில்களில் வைத்துப் பார்த்துக்கொண்ட இடம் அது. தாய்ப்பாலுக்கு இடையே டின் பால் புகுந்தது. கொழுப்பு நீக்கிச் சர்க்கரை சேர்த்த டின் பாலில் 'ஏ' உயிர்ச்சத்து இல்லை. அந்தச் சத்து குறைந்த குழந்தைக்கு முதலில் மாலைக்கண், பிறகு விழி வறட்சி, கடைசியில் கருவிழி மென்மையாகிக் கரைந்துபோதல் என்று நோய் படிப்படியாக முற்றும். 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு வந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், குழந்தைகளுக்கு இத்தகைய பாலைச் சிபாரிசு செய்வதைக் கொலைக்கு நிகராக வைத்துப் பேசினார். அடுத்து வந்த ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை ஆண்டுகளில் அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கே உணவானபோது, சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத ஆண்களின் குடும்பங்களில் எஞ்சிய குழந்தைகளின் உடலும் கண்ணும் எவ்வளவு தாங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொட்டகைக்குப் பின்னாலேயே விளைந்த மண்ணில் இந்த நோய் வந்தது என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அந்த விதியின் குழந்தை. ஓர் அறையில் ஓர் ஆசிரியர் பல வகுப்புகளுக்கும் பாடம் சொன்ன அந்தப் பள்ளியில் கரும்பலகையும் சிலேட்டும்தான் கருவிகள். பார்வையற்ற பிள்ளை அங்கே வந்து அமர்ந்தால் வாய்ப்பாட்டையும் பாட்டையும் கேட்டு மனப்பாடம் செய்யலாம். எழுத்தின் பக்கம் ஓரடி எடுத்து வைக்க இயலாது. ஆயினும் லயம் அப்பிள்ளைக்கு எதையும் தரவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. எல்லா வீடுகளும் ஒரே அளவு. இத்தனையாவது கதவு என்று கையால் தடவி எண்ணிக்கொண்டு போகலாம். சாக்கடையின் ஓரம் காலுக்கு வழிகாட்டும். குழாயடியின் சத்தம் கிழக்கையும் மாரியம்மன் கோயில் மணி மேற்கையும் சொல்லும். புகைக்கொட்டகையில் தொங்கும் ரப்பர்த் தகடுகளின் நாற்றம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று காட்டிக்கொடுக்கும். அடுத்த வீட்டு அத்தை, எதிர்வீட்டுத் தாத்தா, பெயர் சொல்லிக் கூப்பிடும் தோட்ட மருந்தகத்து டிரெசர் என்று எல்லாக் குரலும் தெரிந்த குரல். பார்வையற்றோர் கல்வியில் முன்னோடியான பெர்டோல்ட் லோவென்ஃபெல்ட் 1948-இல், பார்வையின்மை மூன்று எல்லைகளை விதிக்கிறது என்று வகுத்துச் சொன்னார்: அனுபவத்தின் பரப்பு, தானாக நடமாடும் ஆற்றல், சூழலைத் தன் வசப்படுத்தும் ஆற்றல். லயம் முதலாவதைக் குறுக்கியது. மற்ற இரண்டையும், அதன் சிறுமையினாலேயே, ஓரளவு அப்பிள்ளைக்குக் கொடுத்தது.

முறையான கல்வி தோட்டத்துக்கு வெளியே, மிகத் தொலைவில் தொடங்கியது. தமிழ் நிலத்தில் அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது; திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி பார்வையற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே எழுத்தறிவித்தது. மலாயாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் 1926-இல் மலாக்காவில் தொடங்கிய புனித நிக்கோலஸ் இல்லம், சில ஆண்டுகளில் பினாங்குக்கு இடம்பெயர்ந்து பாகான் ஜெர்மால் சாலையில் நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத்தின் பெயரால் இன்னொரு பள்ளி எழுந்தது. பேராக்கின் பிள்ளைகளுக்கு அருகில் இருந்தது பினாங்கு. ஈப்போவிலிருந்து பிறை வரை ரயில், அங்கிருந்து கடலைக் கடக்கும் படகு; எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேறொரு நாட்டுக்குப் போவதற்கு ஒப்பானது.

1951-ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். அந்த ஆண்டில் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஊழியர் சேமநிதி நடைமுறைக்கு வந்து, முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் செலுத்தும் பணம் முதுமைக்கு உதவும் என்ற உறுதியைத் தோட்டத்து ஆட்களுக்கும் முதன்முதலாகக் கொடுத்தது. அதே ஆண்டில் பெய்ரூட் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறைக்கு இசைவு ஏற்பட்டது. அதே ஆண்டில் ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயிடமிருந்து நெடுநாள் பிரிக்கப்படும் குழந்தையின் மனவளர்ச்சி ஊனப்படும் என்று எச்சரித்தது. நிறுவனம், பணம், எழுத்து, உளவியல் ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் கிடைத்தும், பேராக்கின் தோட்டத்துப் பிள்ளை ஒருவனிடம் நான்கும் சேர்ந்து வந்து சேரவில்லை. சேமநிதி தகப்பனுக்கு வந்தது, பள்ளி பினாங்கில் இருந்தது, தமிழ்ப் பிரெயில் இந்தியாவில் தங்கிவிட்டது, பௌல்பியின் எச்சரிக்கை மருத்துவ நூலகங்களில் கிடந்தது.

தமிழ்ப் பிரெயில் பற்றி இங்கே சிறிது விளக்குவது தேவை. பிரெயில் எழுத்து என்பது இரண்டு நிரல்களில் மும்மூன்றாக அமைந்த ஆறு புள்ளிகளுள் சிலவற்றை மேடாக்கி விரல் நுனியால் படிக்கும் முறை. பாரதி பிரெயில் எனப்படும் இந்தியப் பொதுமுறையில் ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிக் கட்டம். கூடுமானவரை அது ஆங்கிலப் பிரெயிலோடும் ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்துக்கு உரிய முதலாம், மூன்றாம் புள்ளிகளே தமிழின் ககரம். 'எம்' என்பதற்கு உரியவையே மகரம். அச்சுத் தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும்; பிரெயிலில் ஒலிக்கும் வரிசையிலேயே மெய் முன்னும் உயிர் பின்னும் வரும். 'அம்மா' என்ற சொல்லுக்கு ஐந்து கட்டங்கள் போதும்: அகரம், மெய்யைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, மகரம் இரண்டு, ஈற்றில் ஆகாரம். பலகையில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பிரெயில் கற்ற பேராக்குப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிரெயிலுக்கும் இடையே இருந்த தூரம், நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் சில வாரங்களில் கடக்கக்கூடியது. ஆனால் பினாங்குப் பள்ளியின் பயிற்றுமொழி முதலில் ஆங்கிலம், தேசியக் கல்விக் கொள்கை வேரூன்றிய பின் மலாய். தமிழ்ப்பள்ளியோ பார்வையுள்ள பிள்ளையை மனத்தில் கொண்டே கட்டப்பட்டது. பார்வையற்ற பிள்ளைக்குக் கல்வி கிடைத்தபோது அது தாய்மொழியைப் பேச்சளவில் நிறுத்திவிட்ட கல்வியாக இருந்தது.

இதன் உணர்வு விளைவு கல்வியளவிலான இழப்பைவிட ஆழமானது. பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தால் வேறொருவர் படித்துக் காட்ட வேண்டும். அவன் எழுதுவதை வீட்டில் எவராலும் படிக்க முடியாது. தாயின் எழுத்து இல்லை, தாயின் முகமும் இல்லை, குரல் மட்டும் விடுமுறைக்கு விடுமுறை. செல்மா ஃப்ரைபெர்க் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையற்ற கைக்குழந்தைகள் தாயின் குரல் கேட்டுச் சிரிப்பதையும், முகத்தில் காட்டாத விருப்பு வெறுப்புகளைக் கைகளில் காட்டுவதையும் விரிவாக எழுதினார். பார்வையுள்ள குழந்தை தாயைக் கண்ணால் அறையெங்கும் பின்தொடர்வதுபோல் இக்குழந்தை பின்தொடர முடியாது, ஆகவே ஓசை நின்ற கணமே தாய் இல்லாமற்போகிறாள் என்பது அந்த ஆய்வின் சாரம். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ரயிலும் படகும் ஏற்றிக் கொண்டுபோயின. இதைச் சொல்லும்போது உறைவிடப் பள்ளிகளின் மேல் பழி போடுவது நியாயமாகாது. தன்னைப் போன்ற பிள்ளைகள் பலர் உலகில் இருக்கிறார்கள் என்பதை அப்பிள்ளை அறிந்தது அங்கேதான். 'பாவம்' என்று அழைக்கப்படாமல் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும், விழுந்து எழுந்து ஓடியதும், ஓட்டப்பந்தயத்திலும் இசையிலும் போட்டியிட்டுத் தோற்றதும் வென்றதும் அங்கேதான். தோட்டத்தில் அன்பு இருந்தது, எதிர்காலம் இல்லை. பள்ளியில் எதிர்காலத்தின் தொடக்கம் இருந்தது, தாய்மொழி இல்லை. இரண்டுக்கும் நடுவே வளர்ந்த மனத்தின் கவலையே இக்கட்டுரையின் பொருள்.

பள்ளிக்குப் பின் தொழில். பார்வையற்றோர் சங்கம் 1953-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கு, 1951 அக்டோபரில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கெர்னியின் பெயர் சூட்டப்பட்டது. தெமர்லோவில் சங்கம் நடத்திய தாமான் ஹராப்பான் பண்ணை, கிராமத்துக்குத் திரும்பிச் செல்வோருக்கு விவசாயம் பழக்கியது. ஈப்போவிலும் சங்கத்தின் கிந்தா பள்ளத்தாக்குப் பட்டறை இயங்கியது. முதலில் கற்பிக்கப்பட்டது பிரம்பு வேலை. பிரம்பை ஊறவைத்து, வளையும் பதம் வந்ததை விரலால் அறிந்து, கூடையின் அடியைச் சிலுவைபோல் கட்டி, மேலும் கீழுமாக இழையை ஓட்டிச் சுவர் எழுப்பும் அந்த வேலையில் பார்வையற்றவரின் கை பார்வையுள்ளவரின் கையோடு போட்டியிட முடிந்தது. ஆனால் சந்தையில் பிளாஸ்டிக் கூடை வந்தபின் விலையில் போட்டியிட முடியவில்லை. அடுத்து வந்தது தொலைபேசி இணைப்பாளர் வேலை. அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் இணைப்புப் பலகையின் முன் அமர்ந்து, நூற்றுக்கணக்கான உள் எண்களை நினைவில் வைத்து, குரலைக் கேட்டவுடன் ஆளை அறிந்து அழைப்பை மாற்றிவிட்ட அந்த வேலையே ஒரு தலைமுறைப் பார்வையற்ற மலேசியர்களின் கௌரவமான வாழ்வு. மாதச் சம்பளம், சேமநிதி, மருத்துவ விடுப்பு, கல்யாணம், வீட்டுக்கடன் எல்லாம் அதன் வழியே வந்தன. மாணவனிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை இருந்த காலம் அது. தானியங்கி இணைப்புகள் வந்தபின் அந்த விடையும் போயிற்று.

இதற்கிடையே பின்னால் இருந்த வீடு கரையத் தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டதோடு தொடங்கிய, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம், லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து ஊரடங்கில் வைத்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறு தவணைகளில் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தப் பின்னணியில்தான். வெட்டுபவனுக்கே நிலத்தில் பங்கு என்ற அந்த எண்ணம், வெட்ட இயலாத பிள்ளைக்கும் தகப்பனின் பங்கு வழியாக ஒரு பற்றுக்கோடு தரக்கூடியதாக இருந்தது. தோட்டத் தமிழர் வரலாற்றில் வீட்டையும் செக்ரோலையும் பிரித்துச் சிந்தித்த அரிய முயற்சிகளுள் அது ஒன்று என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும் பல ஆயிரம் குடும்பங்கள் கப்பலேறின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; ஈப்போவின் விளிம்பில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. சுதந்திரத்தின்போது 800-க்கு மேல் இருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் இருப்பதே அந்தக் கரைவுக்குச் சான்று.

பார்வையுள்ளவருக்கு லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போவது வசதிக்கும் வருத்தத்துக்கும் இடைப்பட்ட மாற்றம். பார்வையற்றவருக்கு அது கற்ற உலகம் முழுவதும் அழிவது. கதவு எண்ணிக்கை, சாக்கடை ஓரம், குழாயடிச் சத்தம், கோயில் மணி என்று பல ஆண்டுகள் உடம்பால் எழுதி வைத்த வரைபடம் ஒரே நாளில் பயனற்றுப்போக, மின்தூக்கியும் மாடிப்படியும் மோட்டார் சைக்கிள் நிறுத்திய நடைபாதையும் அந்த இடத்துக்கு வருகின்றன. பெயர் தெரிந்த குரல்களும் தாமான் எனப்படும் வெவ்வேறு குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிதறிவிடுகின்றன. விடுமுறைக்கு வந்த மாணவர் தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் சுவரைத் தடவி நடக்க நேர்ந்த அனுபவத்தை, வேலையைப் பற்றிய கவலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. திரும்பிச் செல்ல இடம் இருந்தால்தான் முன்னே செல்லும் அடி உறுதியாக விழும்.

பலர் திரும்பாமலே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினர். பார்வையற்றோர் சங்கமும் பயிற்சி நிலையமும் அங்கே இருந்ததால் அதைச் சுற்றிப் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பெருகின. பயிற்சிக்கு வந்த ஆணும் பெண்ணும் அறிமுகமாகிக் குடும்பமாயினர். அந்தப் பகுதியின் பெரிய சாலைக்கு இன்று துன் சம்பந்தன் சாலை என்று பெயர். பேராக்கின் தோட்டங்களைக் காக்க முனைந்தவரின் பெயர் தாங்கிய சாலையின் நடைபாதையில், காலுக்குத் தட்டுப்படும்படி பதித்த மேடு கற்களின் மேல், அதே தோட்டங்களிலிருந்து வந்தோரும் வெண்கோலைத் தட்டி நடக்கின்றனர்.

சட்டம் மெல்ல மாறியது. 1960-களின் தொடக்கத்தில் பொதுப் பள்ளிகளில் பார்வையற்ற பிள்ளைகளைச் சேர்க்கும் ஒருங்கிணைப்புத் திட்டமும், அவர்களுக்கான ஆசிரியர் பயிற்சியும் தொடங்கின. அரசுப் பணிகளில் நூற்றுக்கு ஒன்றை உடற்குறை உடையோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988-இல் வந்தது. 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளையே கல்விக்கு உரியவர் என்று வரையறுத்தன. எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்தத் தகுதியைக் கேட்டது கடுமையான வரையறை என்றே சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், குறையைக் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து எவரையும் விலக்கக் கூடாது என்று எழுதியது; ஆனால் மீறுவோருக்குத் தண்டனை விதிக்கவில்லை, அரசின் மேல் வழக்குத் தொடர்வதையும் தடுத்தது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பார்வையற்ற மலேசியரான இஸ்மாயில் முகமட் சாலே செனட்டராக அமர்ந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். ஒரு பெரிய வெற்றி, பின்னால் வரும் மாணவர்களுக்கு ஊக்கமாகவும் அளவுகோலாகவும் ஒருங்கே அமைந்தது.

பாதுகாப்புத் திட்டங்களுக்குள் இருக்கும் ஒரு முரண் மாணவரின் கவலையை நேரடியாகத் தொடுகிறது. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை விபத்தில் இறந்த தொழிலாளியின் பிள்ளைக்குரிய உதவித்தொகை குறிப்பிட்ட வயதோடு நின்றுவிடும். உடற்குறையால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு மட்டும் அது தொடரும். இந்தக் கருணை தேவையானது, எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்ப்பது. ஆனால் படித்து, பயின்று, தன் காலில் நிற்க முயலும் பார்வையற்ற மாணவரின் நோக்கில், இயலாதவர் என்று ஒப்புக்கொண்டால் சிறிய உறுதி, இயன்றவர் என்று காட்டினால் வேலைச் சந்தையின் நிச்சயமின்மை என்று இரு கதவுகள் எதிரெதிரே நிற்கின்றன. பதினெட்டு வயதில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தயங்குவதைக் கோழைத்தனம் என்று எவரும் கருதக் கூடாது. தாத்தாவின் காலத்தில் செக்ரோல் கேட்ட கேள்வியே இப்போது படிவமாக வந்து நிற்கிறது.

எழுத்தின் நிலையும் இப்போது மாறிவருகிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கிய, விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் மென்பொருள், இணைந்து வரும் பேச்சுப்பொறியின் வழியே தமிழையும் படிக்கிறது. கைப்பேசிகளும் தமிழில் பேசுகின்றன. அந்தக் குரல் இயந்திரக் குரல்தான், மலாய்ச் சொல்லும் தோட்டத்துப் பேச்சும் கலந்து எழுதினால் தடுமாறும் குரல்தான். எனினும் சிம்மோரிலோ பீடோரிலோ இருந்து தாய் அனுப்பும் தமிழ்ச் செய்தியை, விடுதியில் இருக்கும் பிள்ளை வேறொருவரின் வாயை எதிர்பாராமல் தானே கேட்கிறது. பதிலையும் தமிழிலேயே சொல்லி எழுத வைக்கிறது. பாளையங்கோட்டையில் 1890-இல் கிடைத்தது பேராக்குக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வீட்டைப் பற்றிய கேள்வி அதே வேகத்தில் நகரவில்லை. ஊழியர் சேமநிதியில் உறுப்பினர் தம் காலத்துக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறிப்பிடலாம். முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் அவ்வாறு குறிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். வீட்டின் கிராண்ட் எனப்படும் நிலப் பத்திரத்திலும் இணைப்பெயர் சேர்க்கலாம். ஆயினும் கண் தெரியும் மூத்த மகனின் பெயரை எழுதிவிட்டு, "அண்ணன் பாத்துக்குவான்" என்று இளையவனிடம் சொல்வதே தோட்டத்திலிருந்து வந்த பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லில் நம்பிக்கை உண்டு. பெரும்பாலான அண்ணன்மார் அதைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் படிவத்தில் இருப்பது அண்ணனின் பெயர்தான் என்பதை, தன் கைப்பேசியின் குரலில் அந்தப் படிவத்தை இப்போது தானே கேட்க முடிகிற தம்பி அறிவான்.